பூனைக்குட்டியைப் பாலிலிருந்து பச்சைக் கறிக்குப் பழக்குவது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பூனைக்குட்டிக்கு என்ன போடலாம் என்று காரைக்குடிப் பக்கம் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் பால்சோறு. அடுத்தது கருவாட்டுத் துண்டு பிசைந்த தயிர்சோறு. அதைத் தின்றே எத்தனையோ பூனைகள் வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் குட்டி போட்டு வளர்த்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை சோற்றை மட்டும் நம்பி இருக்கவில்லை. நெல் அறையில் எலி, கொல்லையில் ஓணான், முற்றத்தில் இறங்கும் குருவி என்று மீதியை அவையே பார்த்துக்கொண்டன. கதவு சாத்திய வீட்டுக்குள் நாம் எடுத்து வளர்க்கும் குட்டிக்கு அந்த மீதி கிடைப்பதில்லை.

அதனால்தான் பலர் பச்சைக் கறிக்குப் போகிறார்கள். போகும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பூனையின் இயல்பான உணவு எலி. வெறும் கறி இல்லை. எலியில் சதை இருக்கிறது, கூடவே எலும்பும் இதயமும் ஈரலும் இரத்தமும் இருக்கின்றன. கடையில் அரைக் கிலோ எலும்பில்லாத கோழி வாங்கி நறுக்கிப் போட்டால் அது எலியில் பாதிகூட ஆகாது. வெறும் கறி மட்டும் தின்ற குட்டி சீக்கிரம் முடங்கிப் போகும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த மீதியை எப்படி ஈடுகட்டுவது என்பதுதான்.

யார் இதில் இறங்க வேண்டாம்

கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் பச்சைக் கறியை ஆதரிப்பதில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதலே அதைத் தவிர்க்கச் சொல்லி வருகிறது. காரணம் எளிது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் கிருமிகள் இருக்கலாம். ஆட்டுக்கறியில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். பெரிய பூனை சில சமயம் ஒன்றும் ஆகாமல் தப்பித்துவிடும். ஐந்து வாரக் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கைக்குழந்தை தவழ்கிறது, எண்பது வயது ஐயாவோ ஆச்சியோ இருக்கிறார், யாராவது புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார் என்றால் பச்சைக் கறி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கீழே சொல்லும் அதே கலவையை வேகவைத்துக் கொடுங்கள். எப்படி என்று பின்னால் வருகிறது.

பறவைக் காய்ச்சல் இன்னொரு பெரிய காரணம். எச்5என்1 வைரஸ் பூனை இனத்தைக் கடுமையாகத் தாக்கும். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் அதில் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஃப்ரீஸரில் வைத்தால் இந்த வைரஸ் சாகாது. தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால், அது அடங்கும் வரை கோழி, காடை எதையும் முழுக்க வேகவைக்காமல் பூனைக்குத் தராதீர்கள்.

பச்சைக் கறிக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1932 முதல் 1942 வரை கலிஃபோர்னியாவில் பாட்டிஞ்சர் என்ற மருத்துவர் பூனைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பச்சைக் கறியும் மற்றதற்கு வெந்த கறியும் போட்டார். வெந்த கறி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. 'வேகவைத்தால் விஷம்' என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. கறியைத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் டாரினும் அதோடு போய்விடும். டாரின் குறைந்த பூனைக்கு இதயம் வீங்கித் தளரும் என்பதையும், டாரின் கொடுத்தால் அது சரியாகும் என்பதையும் 1987 இல்தான் கண்டுபிடித்தார்கள். கண்பார்வையும் இதனால் கெடும். ஆகவே வெந்ததா பச்சையா என்பதைவிட, அந்தச் சாற்றைக் கொட்டினோமா சேர்த்தோமா என்பதுதான் கேள்வி.

எப்போது தொடங்கலாம்

நான்கு வாரத்துக்கு முன் தொடங்கக் கூடாது. மூன்றாவது வாரத்தில் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். நான்காவது வாரம் வரும்போது கோரைப் பற்கள் இருக்கும். தேதி தெரியாத குட்டி என்றால் பல்லைப் பாருங்கள், நடையைப் பாருங்கள். வாலை நிமிர்த்திக்கொண்டு தள்ளாடாமல் நடக்க வேண்டும். தாயின் தட்டில் தானே மூக்கை நுழைத்துப் பார்க்க வேண்டும். எடையும் ஒரு கணக்குச் சொல்லும். பிறந்தபோது 100 கிராம் அளவில் இருந்த குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறி, நான்கு வாரத்தில் 400 கிராமைத் தொட்டிருக்கும். 300 கிராமில் நிற்கும் குட்டிக்கு வயது நான்கு வாரம் ஆகியிருந்தாலும் இன்னும் ஒரு வாரம் பால்தான்.

பால் என்றால் தாய்ப்பால், இல்லையென்றால் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர். பசும்பால் வேண்டாம். அதிலிருக்கும் லாக்டோஸ் குட்டியின் வயிற்றைக் கலக்கும்; கழிச்சலில் நீர் வற்றிப் போகும் குட்டிகள் ஏராளம்.

தொடங்கும் முன் பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும். தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு குட்டிக்கு வந்துவிடும் என்பதால், மூன்று வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மருத்துவர் எடை பார்த்து மருந்து தருவார். வயிறு நிறையப் புழுவோடு இருக்கும் குட்டிக்குப் புது உணவைத் தொடங்கினால், கழிச்சல் எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும். ஊசி போட்ட ஓரிரு நாளில் உணவில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள்.

தாய்ப்பூனை கூட இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது. குட்டி எதைத் தின்னலாம் என்பதைத் தாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. 1978 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தாய்ப்பூனைகளை வாழைப்பழம் தின்னப் பழக்கினார்கள். பக்கத்தில் கறி இருந்தும் குட்டிகள் தாயைப் பார்த்து வாழைப்பழத்தைத் தின்றன. எனவே நீங்கள் கொடுக்கப் போகும் கலவையைக் குட்டிக்கு முன் தாய்க்கு ஒரு வாரம் கொடுங்கள். பூட்டிய வீட்டுப் பரணில் குட்டி போட்ட தெருப்பூனை என்றால் மட்டும் கிட்டே போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம். இடம் சரியில்லை என்று நினைத்தால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

கடையில் என்ன வாங்குவது

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போகாதீர்கள். வார நாளில், கடை திறந்ததும் போங்கள். கட்டையும் கத்தியும் கழுவி இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

கோழியில் தொடைக்கறிதான் பூனைக்கு நல்லது. நெஞ்சுக்கறியைவிட அதில் டாரின் பல மடங்கு அதிகம். நம் பக்கத்தில் கோழியைத் தோலோடு வாங்கினால் மஞ்சள் தடவி வாட்டித் தரும் வழக்கம் உண்டு, அது குழம்புக்கு. பூனைக்கு வாங்கும்போது, "அண்ணே, மஞ்சள் வேண்டாம். தோலை உரிச்சிருங்க. பக்கெட் தண்ணியில முக்காம அப்படியே குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இருபது கோழி முங்கி எழுந்த அந்தத் தண்ணீர்தான் கறியைவிடப் பெரிய ஆபத்து. கொத்துக்கறியாகவும் வாங்காதீர்கள். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தினால் உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விடும். கொத்துவது வீட்டில்.

இதயம் கட்டாயம் வேண்டும், டாரின் நிறைய உள்ள உறுப்பு அது. ஆட்டு இதயம் கிடைத்தால் சந்தோஷம்; கோழி இதயம் என்றால் முன்னாடியே சொல்லி வைத்தால் கடைக்காரர் சேர்த்து வைப்பார். ஈரல் கொஞ்சம் போதும். காடை நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, எலிக்கு மிக நெருக்கமான உணவும் அதுதான் என்பேன். அதன் சதையை மட்டும் எடுத்துக் கலவையில் சேர்க்கலாம். பண்ணை முயலும் நல்லதுதான், ஆனால் அதில் கொழுப்பு மிகக் குறைவு.

வாங்கக் கூடாதவை: 'பூனைக்குத்தானே' என்று கடையில் சும்மா தரும் குடல், தலை, கழிவு. பச்சை மீனும் வேண்டாம். சில மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், குட்டி தலையைத் தொங்கப் போட்டுத் தள்ளாடும். கருவாட்டில் உப்பு அதிகம். பச்சைப் பன்றி இறைச்சியும் கூடாது. இன்னொன்று, செட்டிநாட்டுச் சமையலின் உயிரே சின்ன வெங்காயமும் பூண்டும்தான். இரண்டும் பூனையின் இரத்த சிவப்பணுக்களை உடைக்கும். உப்புக்கறியிலிருந்து ஒரு துண்டைக் கழுவிப் போடுவதால் அந்த வெங்காயச் சாறு போய்விடாது.

வாங்கியதை ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் கொண்டு வாருங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் அரை மணி நேரம் கிடந்த கறியை நம் குழம்பில் போடலாம், வேகும். குட்டிக்குப் பச்சையாகத் தர முடியாது.

கலவை

ஒரு கிலோ அளவுக்கு:

எலும்பில்லாத, தோல் நீக்கிய கோழித் தொடை, கொஞ்சம் கொழுப்போடு: 700 கிராம். கிடைத்தால் இதில் 200 கிராம் காடைச் சதையாக இருக்கட்டும்.
இதயம்: 250 கிராம்.
கோழி ஈரல்: 50 கிராம். ஆட்டு ஈரல் என்றால் 25 கிராம் போதும்.
முட்டை மஞ்சள் கரு: 2. பச்சை வெள்ளைக் கரு வேண்டாம், அது பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப் போட்டுவிடும்.
முட்டை ஓட்டுப் பொடி: 6 முதல் 7 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன்.
டாரின் பொடி: 1 முதல் 2 கிராம்.
தண்ணீர்: 150 மி.லி.

முட்டை ஓட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டியலில் எதை மறந்தாலும் குட்டி சில நாள் தாங்கும். இதை மறந்தால் எலும்பு போய்விடும். கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பதினைந்து இருபது மடங்கு அதிகம். வளரும் குட்டிக்குக் கால்சியம் சற்றே கூடுதலாகவும் பாஸ்பரஸ் சற்றே குறைவாகவும், கிட்டத்தட்ட 1.2க்கு 1 என்ற கணக்கில் வேண்டும். வெறும் கறி தின்றால் இரத்தத்தில் கால்சியம் குறையும். அதை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். சில வாரங்களில் குட்டி குதிக்க யோசிக்கும், தூக்கினால் கத்தும், நொண்டும். முகப்புத் திண்ணையிலிருந்து குதித்ததற்கே கால் ஒடியும். நன்றாகக் கறி போட்டு வளர்த்த குட்டிக்கு இப்படி ஆகும்போது வீட்டார் நம்புவதே இல்லை.

ஓட்டைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். உள்தோலை உரித்து வெயிலில் சுக்காகக் காயவைத்து மிக்ஸியில் மாவாகப் பொடியுங்கள். மெல்லிய துணியில் சலித்து, விரலில் தேய்த்தால் நெறுநெறுப்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு முட்டை ஓடு ஏறக்குறைய 5 கிராம் பொடி தரும். கண்ணளவில் போடாமல் டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

ஈரலைக் கூட்டாதீர்கள். குட்டி ஆசையாகத் தின்கிறது என்று தினமும் ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்து எலும்புகள் இறுகிப் போகும்.

இந்தக் கலவையிலும் வைட்டமின் டி, ஈ, அயோடின், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை போதிய அளவு இருக்காது. பூனையால் வெயிலில் காய்ந்து வைட்டமின் டி தயாரித்துக்கொள்ள முடியாது, முற்றத்தில் எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும். எனவே இது பால் மறக்கும் காலத்தில் தாய்ப்பாலோடும், குட்டிகளுக்கான முழுமையான கடை உணவோடும் சேர்த்துக் கொடுப்பதற்கான அளவு. மாதக்கணக்கில் இதையே முழு உணவாக்க நினைப்பவர்கள் பூனைகளுக்கான வைட்டமின், தாதுக் கலவைப் பொடியை மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். அந்தப் பொடியில் கால்சியம் இருந்தால் முட்டை ஓட்டை நிறுத்திவிடுங்கள். இரண்டும் சேரக் கூடாது.

தயாரிக்கும் முறை

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தொடை, இதயம், ஈரல் துண்டுகளை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். மேல்தோற்றம் வெளுக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். மேற்பரப்புக் கிருமிகளில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். பச்சைக் கறிப் பிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. குட்டிகளுக்கு இது இல்லாமல் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தத் தண்ணீரில் 150 மி.லி. எடுத்து ஆறவைத்துக் கலவையில் ஊற்றுங்கள்.

கறியை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் விழுதாகும்; அதில் மஞ்சள் கருவும் ஓட்டுப் பொடியும் டாரினும் கலந்துவிடுங்கள். அம்மியில் அரைக்காதீர்கள், கல்லின் துளைகளில் தங்கும் கறி நாளை மசாலாவோடு உங்கள் இலைக்கு வரும். மிக்ஸி ஜார், பலகை, கத்தி மூன்றும் பூனைக்கென்று தனியாக இருக்கட்டும். செவ்வாய், வெள்ளியில் அடுப்படிக்குள் கறி நுழையாத வீடுகளில், இந்த வேலையைக் கடைசிக் கட்டில் ஒரு மேசை போட்டுச் செய்துகொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

பிறகு ஒருநாள் அளவாகச் சிறு பாக்கெட்டுகளில் தட்டையாகப் பரப்பி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். டாக்ஸோபிளாஸ்மா இதில் அழியும். சால்மொனெல்லா அழியாது, அது தூங்கிக்கொண்டிருக்கும், வெளியே எடுத்ததும் எழுந்துவிடும். பல ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போவதில்லை. ஐஸ்கிரீம் கல்லாக இறுகவில்லை என்றால் உங்கள் பெட்டியும் அப்படித்தான். அதை நம்பிப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். உறைந்த பாக்கெட்டை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். திண்ணையிலோ அடுப்பு மேடையிலோ வைத்து உருக்குவது கூடாது. உருகியதை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது.

வேகவைத்துக் கொடுப்பவர்கள், கறியையும் இதயத்தையும் ஈரலையும் கொஞ்சமே தண்ணீரில் மூடி வைத்து முழுக்க வேகவிட்டு, அந்தச் சாறு முழுவதையும் சேர்த்து அரைத்து, ஆறிய பிறகு மஞ்சள் கருவும் ஓட்டுப் பொடியும் டாரினும் கலக்க வேண்டும். மஞ்சள் கருவையும் வேகவைத்தே சேருங்கள். வெந்த எலும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. அது சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

வாரவாரமாகப் பழக்குவது

நான்காவது வாரக் கடைசியில், ஒரு ஸ்பூன் கலவைக்கு இரண்டு ஸ்பூன் குட்டிப்பால் சேர்த்துக் கரையுங்கள். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்கு, 38 டிகிரி அளவுக்குக் கொண்டுவாருங்கள். சில்லென்ற உணவுக்கு மணம் இருக்காது, குட்டி திரும்பியும் பார்க்காது. மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு மூலை வெந்து ஒரு மூலை குளிர்ந்து கிடக்கும். விரல் நுனியில் தொட்டு உதட்டோரம் தடவுங்கள். நக்கிக்கொள்ளும். மூக்கில் அப்பி விடாதீர்கள், மூச்சில் ஏறிவிடும். ஊசிக்குழாயால் வாய்க்குள் பீய்ச்சுவதும் அதே ஆபத்துதான். முதல் மூன்று நான்கு நாள் ஒரு வேளைக்கு அரை டீஸ்பூன், நாளுக்கு இரண்டு தடவை. மற்ற வேளையெல்லாம் பால்.

தட்டு அகலமாக, விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். டிபன் பாக்ஸ் மூடி கச்சிதமாக இருக்கும். குட்டி அதற்குள்ளேயே நடந்து, உட்கார்ந்து, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும், அதுதான் முறை. ஆனால் ஆத்தங்குடித் தரையில் நேராக வைக்காதீர்கள். அது சிமென்டுக் கல், ஈரத்தை உறிஞ்சும். கறிச் சாறு இறங்கினால் கறையும் வாடையும் போகாது. கீழே ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் வையுங்கள். அதில் கால் அங்குலம் தண்ணீர் ஊற்றி நடுவே தட்டை வைத்தால் எறும்பும் வராது. 20 நிமிடம், கோடையில் 15. அதற்குமேல் மிச்சம் இருந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பூனை தின்னட்டும் என்று விட்டுவைக்க வேண்டாம்.

ஐந்தாவது வாரத்தில் பாலைக் குறைத்துக் கூழாக்குங்கள், நாளுக்கு நான்கு வேளை. கலவை ஒரு வேளை, குட்டிகளுக்கான ஈர உணவு ஒரு வேளை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஆறாவது வாரத்தில் பால் சேர்க்காத விழுது. ஏழாவது வாரத்தில் விழுதோடு அரிசி அளவுக்கு நறுக்கிய கறி. எட்டாவது வாரத்தில் உளுந்து அளவு. தாய் இருந்தால் இடையில் பால் குடிப்பதைத் தடுக்காதீர்கள், அவளே உதறிவிடுவாள். தாய் இல்லாத குட்டியை அதட்டியோ பட்டினி போட்டோ பழக்காதீர்கள். பசித்தால் தின்னும் என்ற கணக்கு பெரிய நாய்க்குச் சரி. அரைக் கிலோ குட்டிக்கு அரை நாள் வயிறு காய்ந்தாலே இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

அளவு: ஆறு முதல் எட்டு வாரத்தில் உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். அரைக் கிலோ குட்டி நாளுக்கு 75 முதல் 100 கிராம் வரை எல்லா உணவும் சேர்த்துத் தின்னும். நான்கு மாதத்தில் அது 10 சதவீதமாக இறங்கும். குட்டிக்குக் கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டியதில்லை, கேட்டால் கொடுங்கள்.

உலர் உணவு தின்று பழகிய மூன்று மாதக் குட்டியைத் தத்தெடுத்தவர்கள் கதை வேறு. அது கறியை உணவாகவே பார்க்காது. எந்நேரமும் தட்டில் உலர் உணவு கிடப்பதை நிறுத்தி வேளைக்கு வையுங்கள். பிறகு அந்த உலர் உணவையே பொடித்துக் கறிக் கலவை மேல் தூவுங்கள். முதல் வாரம் கலவை ஒரு ஸ்பூன்தான், மீதியெல்லாம் பழைய உணவு. மூன்று நான்கு வாரம் ஆகலாம். சில குட்டிகள் கடைசிவரை ஒப்புக்கொள்வதே இல்லை. அவற்றுக்கு நல்ல ஈர உணவு வாங்கிக் கொடுத்துவிட்டு விட்டுவிடுவது உத்தமம்.

தராசும் மலமும்

தினம் காலையில், தீனிக்கு முன், ஒரே நேரத்தில் நிறுங்கள். காய்கறி நிறுக்கும் டிஜிட்டல் தராசு மேல் ஒரு டப்பா வைத்தால் போதும். நோட்டில் எழுதுங்கள். ஒருநாள் எடை ஏறவில்லை என்றால் கவனியுங்கள். இரண்டாம் நாளும் ஏறவில்லை, அல்லது இறங்கியது என்றால் மருத்துவரிடம் போங்கள்.

கறி தின்னும் குட்டியின் மலம் சிறுத்து, கருத்து, கெட்டியாக, வாடை குறைவாக இருக்கும். வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் ஓட்டுப் பொடி அதிகம். கூழாகப் போனால் ஈரலோ, பழக்கும் வேகமோ அதிகம். முந்தைய வாரத்து உணவுக்குத் திரும்புங்கள். தாரைப் போல் கறுப்பாகவோ, சிவப்பு இரத்தத்தோடோ, வாந்தியும் சேர்ந்தோ போனால் வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை. தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது பன்லியூகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். ஈறைத் தொட்டால் வழவழப்பில்லாமல் விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது, பச்சைக் கறி கொடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமாலை மட்டும் எக்காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது. பூனைக்கு அது உயிரைக் கொல்லும்.

மலத்தட்டில் ஆற்று மணலோ தென்னை நார்த்தூளோ போதும். ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் சிறு குட்டிக்கு வேண்டாம், தின்று பார்க்கும். தினமும் அள்ளிவிடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா முட்டைகள் வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் அள்ளிவிட்டால் பாதி பயம் தீர்ந்தது. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

எலும்பு

இதைப் பற்றி நிறைய சண்டை நடக்கிறது. என் கருத்து: பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கும் வரை, அதாவது ஆறு மாதம் வரை, எலும்பு வேண்டாம், ஓட்டுப் பொடி போதும். அதற்குப் பிறகு, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே ஒரு காடை இறக்கையைக் கடிக்கக் கொடுக்கலாம். எலும்போடு தரும் இந்த இறக்கைக்குக் கொதிநீர் முறை ஒத்துவராது, எலும்பு வெந்தால் கூராகிவிடும்.

கடை மூடும் நாள், கரண்ட் போகும் நாள்

புரட்டாசியில் வீட்டுக்குள் கறியே வராத குடும்பங்கள் உண்டு. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தியில் இறைச்சிக் கடைகள் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். நிரம்பிய ஃப்ரீஸர் கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் வரை தாங்கும். பாதி காலியாக இருந்தால் 24. காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி வையுங்கள். உருகி மெத்தென்று ஆகிவிட்ட பாக்கெட்டை மறுபடி உறையவிடாமல் அன்றே வேகவைத்துக் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் உருகிக் கிடந்தது என்று தெரியவில்லை என்றால் எறிந்துவிடுங்கள். இதற்காகவே, வைட்டமின் பொடி சேர்த்துக் கலவையையே முழு உணவாக்கியவர்கள்கூட, குட்டி எவ்வளவு ஆசையாகக் கறி தின்றாலும் வாரத்தில் ஓரிரு வேளை கடையில் விற்கும் ஈர உணவையும் விடாமல் கொடுத்து வாருங்கள். நீங்கள் ஒரு கல்யாணத்துக்குத் தேவகோட்டை போய் இரண்டு நாள் தங்கும்போது, பக்கத்து வீட்டு ஆச்சியால் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் வைக்க முடியும்; பச்சைக் கறியை உருக்கிச் சூடாக்கித் தாம்பாளத்தில் வைக்கச் சொல்லி அவரிடம் கேட்க முடியாது.